பவுலோனியா நடப் போறீங்களா, அருவாள ரெடி பண்ணுங்க

வேகமா வளரும் வேகமா வளரும்னு சொல்லித்தான் பவுலோனியா கன்னு விக்கிறாங்க, எனக்கென்னவோ இந்த மரத்துல வேகம் பெரிய விஷயமாவே படல. நட்டவனுக்கு வெட்ட மனசு வருமாங்கிறதுதான் கேள்வி. முதல் வருஷத் தண்டு பெரும்பாலும் கோணலாத்தான் வரும், நடுவுல பொக்கை, குளிர்ல நுனி வேற கருகிடும். அதை இலை கொட்டிக் கெடக்கும்போதே தரையோட வெட்டிட்டு, குளிர் போனதும் அடியில கெளம்புற துளிர்ல ஒண்ணே ஒண்ண விட்டு மத்தத கிள்ளி எறிஞ்சுட்டா, வேர்ல சேத்து வெச்ச சத்தெல்லாம் அதுக்கே போயி ஒரே சீசன்ல ரெண்டு மூணு மீட்டர் நேரா ஏறிடும், இலை ஒவ்வொண்ணும் முறம் சைஸ்ல விரியும். நல்ல வெயில் வேணும். தண்ணி தேங்குற இடம் ஆகவே ஆகாது, வேர் அழுகிடும். விதை போட்டு காத்திருக்கிறதுக்கு வேர்த்துண்டு நடுறது ஈஸி.

நிழல் மரமா பாத்தா இதோட சாமர்த்தியமே லேட்டா துளிர்க்கிறதுதான். சீனாவுல ஹெனான் பக்கம் கோதுமை வயல்ல நல்லா இடைவெளி விட்டு வரிசையா நட்டிருக்காங்க, கோதுமைக்கு வெயில் தேவைப்படுற நேரத்துல இது இலையில்லாம வெறும் ஊதாப் பூவோட நிக்கும், வேரும் ஆழமா போறதால பயிரோட பெருசா போட்டி இல்ல. அங்க லான்காவோங்கிற இடத்துல 1960கள்ல மணல்காத்தைத் தடுக்கத்தான் நட்டாங்க, இப்போ அந்தக் கட்டையில குஜெங், பிபான்னு வாத்தியம் செஞ்சு விக்கிறாங்க.

கட்டை அவ்ளோ லேசு, காஞ்சதுக்கு அப்புறம் ஒரு கன மீட்டரே சுமார் 300 கிலோதான், ஆனா லேசுல முறுக்காது, வெடிக்காது. ஜப்பான்ல இதுக்கு கிரின்னு பேரு, பொண்ணு பொறந்தா ஒரு கிரி நட்டு, கல்யாணத்தப்ப வெட்டி கிமோனோ வைக்க தான்சு அலமாரி செஞ்சு குடுக்கிற வழக்கம் இருந்துச்சு. அதுலயும் அவங்க நல்ல விலை குடுக்கிறது நெருக்கமா வளையம் விழுந்த, மெதுவா வளர்ந்த கட்டைக்குத்தான் (கன்னு விக்கிறவங்க இதைச் சொல்லவே மாட்டாங்க).

வீட்டுச் சுவத்த ஒட்டி நடாதீங்க, கிளை பொசுக்குன்னு ஒடியும். இன்னொண்ணு, ஒவ்வொரு காய்க்குள்ளயும் றெக்கை வெச்ச பொடி விதை ஆயிரக்கணக்குல இருக்கும், காத்துல பறந்து எங்க வேணாலும் மொளைக்கும். அமெரிக்காவுல கிழக்குப் பக்கம் பல இடத்துல இதை ஆக்கிரமிப்பு மரம்னே சொல்றாங்க. உங்க ஏரியாவுல அந்தப் பிரச்சனை இருந்தா நடாம விட்டுடுங்க, இல்ல வருஷா வருஷம் தரையோட வெட்டி இலைக்காக மட்டும் வெச்சுக்கோங்க, அப்படி வெட்டுனா பூவும் வராது விதையும் வராது.