தாதியருக்கான ஆங்கிலம் வார்ட்டில் தொடங்கட்டும்

தாதிய மாணவர்களுக்காக ஆங்கிலப் பாடநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறோம். இலக்கணத்தை முதல் அத்தியாயமாக வைக்க நான் சம்மதிக்கவில்லை. கடமை மாறும்போது நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் பேச்சுதான் முதலில் வர வேண்டும்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை.

இன்று முடித்தது மருந்து அட்டைப் பாடம். 1.0 மில்லிகிராம் என்று எழுதினால், புள்ளி மங்கியதும் 10 ஆகிவிடும். அதனால் வெறும் 1. அரை மில்லிகிராம் என்றால் 0.5, முன்னால் உள்ள பூச்சியத்தை விடவே கூடாது. இதெல்லாம் ஆங்கிலப் பாடமா என்று கேட்கிறார்கள். இதுதான் பாடம், இங்கே பிழை விட்டால் நோயாளியின் உயிர் போகும்.

எங்கள் உரையாடல்களில் லண்டன் நோயாளிகள் இல்லை. ஹட்டன், பண்டாரவளைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டி வரும் அம்மாக்கள்தான். மலையக வைத்தியசாலைகளில் பணிபுரியும் அக்காமார், அந்த அம்மாக்களிடம் நீங்கள் முதலில் கேட்கும் கேள்விகளைத் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். அடுத்த பாடம் அதுதான்.