இரண்டு சாவி

வங்கிப் பெட்டகத்தை ஓர் ஆள் தனியாகத் திறக்க முடியாது. ஒரு சாவி மேலாளரிடம் இருக்கும், இன்னொன்று ஹெட் கேஷியரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு அசையும். 2004-இல் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிளையில் பயிற்சி அதிகாரியாகப் போய்ச் சேர்ந்தபோது, இது திருட்டுப் பயத்துக்காகச் செய்த ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தக் கிளையின் ஹெட் கேஷியருக்கு முப்பது வருஷ சர்வீஸ். பதவியில் நான் அவருக்கு மேல், வயதில் அவர் மகனைவிடச் சின்னவன். வாடிக்கையாளர் நிற்கும்வரை என்னைச் ‘சார்’ என்பார். ஷட்டர் இறங்கிவிட்டால் ‘தம்பி’. நான் வேலை கற்றுக்கொண்டதெல்லாம் ‘தம்பி’ நேரத்தில்தான்.

சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு டிராஃப்ட்டை வேறொருவர் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். பதினெட்டாயிரம் ரூபாய். ஒரே பெயர், ஒரே இனிஷியல். செலானில் கணக்கு எண் தண்ணீர் பட்டுக் கலைந்திருந்தது, நான் பெயரைப் போட்டுத் தேடி முதலில் வந்ததை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் வவுச்சர்களை அடுக்கும்போது அவர் அதை மட்டும் தனியாக எடுத்து மேஜையில் வைத்தார். “இந்தப் பேர்ல இந்த ஊர்ல நாலு பேர் இருக்காங்க தம்பி. நம்பர் தெரியலன்னா பேர வச்சுத் தேடாதீங்க. எந்தத் தெருன்னு கேளுங்க.” பணம் எடுக்கப்படவில்லை, அன்றே திருத்திவிட்டோம். மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். சொல்லச் சொன்னவர் அவர்தான்.

திரும்பி வந்தபோது டீ வாங்கி வைத்திருந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஐம்பது ரூபாய்க் கட்டு என்று நினைத்து நூறு ரூபாய்க் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டாராம். கட்டுக்கு நூறு நோட்டு. ஆக, ராத்திரி கணக்கு முடிக்கும்போது ஐயாயிரம் குறைந்தது. கேஷியருக்குக் குறைந்தால் கேஷியர்தான் கட்ட வேண்டும். வாங்கிப்போனவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மனைவியின் வளையல்களை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார், அதுவும் அடுத்த தெருவில் இருந்த வேறொரு வங்கியில். “நம்ம பிராஞ்ச்ல வச்சா நகைய மதிப்புப் போடுற அப்ரைசர் பார்ப்பாரே, வெக்கமா இருந்துச்சு.” அன்றிலிருந்து காசோலையின் பின்பக்கத்தில் எந்த நோட்டு எத்தனை என்று எழுதாமல் அவர் பணத்தைத் தொடுவதில்லை.

நோட்டு விவரத்தை எழுத வேண்டும் என்பது பயிற்சிக் கல்லூரியிலும் சொன்னதுதான். வளையல் கதையைக் கேட்ட பிறகுதான் அது என் கையில் ஏறியது.

எங்கள் தலைமுறைக்கு இப்படி ஒருவர் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தொண்ணூறுகளில் பொதுத்துறை வங்கிகளில் ஆள் எடுப்பது மெலிந்துவிட்டது. 2000-01-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து சுமார் 1 லட்சம் பேர் வெளியே போனார்கள். கிளைகளில் ஓய்வை எதிர்பார்த்திருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரர்களும் எங்களைப் போன்ற சின்னப் பிள்ளைகளும் மிஞ்சினோம். சொல்லித்தர வேண்டிய நடுவயதுக்காரர்கள் பல இடங்களில் இல்லவே இல்லை.

எல்லா சீனியரும் நல்லதையே சொல்லித்தருவார்கள் என்றும் இல்லை. அதே கிளையில் இன்னொரு அதிகாரி, “உங்க பாஸ்வேர்டைக் குடுங்க, நானே பாஸ் பண்ணிட்டுப் போயிடறேன். நீங்க கவுண்டரைப் பாருங்க” என்றார். உதவி செய்கிறார் என்று நம்பிக் கொடுத்தும்விட்டேன். ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் வங்கி வேலையின் அஸ்திவாரம். இரண்டையும் ஒரே ஆள் செய்துகொண்டிருந்தார். ஹெட் கேஷியருக்கு விஷயம் தெரிந்தபோதுதான் அவர் கோபத்தை முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். “ரெண்டு சாவியையும் ஒருத்தர் கையில குடுப்பீங்களா? இதுவும் சாவிதானே?” அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன். அந்த அதிகாரி சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2016-இல் கும்பகோணம் பக்கம் நானே ஒரு கிளைக்கு மேலாளர். பீகாரிலிருந்து புதிதாக ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். இருபத்து நாலு வயதுப் பெண், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இதற்குள் தலைமை அலுவலகம் வழிகாட்டித் திட்டம் ஒன்று கொண்டுவந்திருந்தது. புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ‘மென்டார்’, மாதம் ஒரு படிவம். அவருக்கு மென்டார் நான். ‘கலந்துரையாடல் நடந்தது’ என்று மூன்று படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். ஒருநாள்கூட உட்கார்ந்து பேசவில்லை. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மறுநாள் பொதுமக்களுக்கு வங்கி இல்லை. 10-ஆம் தேதி காலை வந்தபோது வரிசை பஸ் நிறுத்தம்வரை நீண்டிருந்தது. ஆளுக்கு 4,000 வரை மாற்றலாம். அந்தச் சனி ஞாயிறும் வேலை. நான் கத்திக்கொண்டே இருந்தேன் என்பதைத் தவிர அந்த வாரம் என்ன செய்தேன் என்று சரியாக ஞாபகமில்லை.

அந்தப் புது அதிகாரி செய்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மாதம். நோட்டு மாற்ற நின்ற வரிசையில் பாதிப்பேர் அவர்கள்தான். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ என் கேபினுக்கு வந்து கேட்டார்: “சார், இவங்க உயிரோட இருக்காங்களான்னுதானே நாம பார்க்கணும்? இதோ நம்ம வரிசையிலதானே நிக்கிறாங்க. திரும்ப எதுக்கு வரச் சொல்லணும்?” நான்கு நாற்காலியைப் போட்டு, நிற்கும் முதியவர்களை உட்காரவைத்து, படிவத்தை அங்கேயே வாங்கத் தொடங்கினார். “பாட்டி உக்காருங்க”தான் அவர் தெளிவாகப் பேசிய முதல் தமிழ் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு வருஷ அனுபவம் உள்ள எனக்கு அது தோன்றவில்லை. எனக்கு வரிசை மட்டும்தான் தெரிந்தது.

அந்த வார இறுதியில் ஒரு ராத்திரி அவர் கவுண்டரில் 2,000 குறைந்தது. புத்தம்புது நோட்டு, ஒட்டிக்கொண்டு ஒன்று கூடப் போயிருக்கும். மணி ஒன்பதரை. ‘கவனமா இருக்க வேண்டாமா’ என்று வாய்வரை வந்துவிட்டது. மற்றவர்களை அனுப்பிவிட்டு, எதிரில் உட்கார்ந்து, என் பதினெட்டாயிரத்தைச் சொன்னேன். பிறகு வளையல் கதையையும். விதியை நான் மாற்ற முடியாது, பணத்தை அவர்தான் கட்டினார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் நோட்டு விவரம் இருந்தது.

அதற்குப் பிறகு தினம் ஷட்டர் இறங்கியதும் ஒரு பதினைந்து நிமிஷம் பேசினோம். கற்றுக்கொடுக்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கேள்வியெல்லாம் அவருடையது. பணம் எடுக்கும் சீட்டில் முன்னால் போட்ட கையெழுத்தையே ஏன் பின்னாலும் வாங்குகிறோம்? ‘அதான் ரூல்’ என்று அத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் யோசித்துச் சொன்னேன்: முன்னால் இருப்பது ‘கொடு’ என்ற உத்தரவு, பின்னால் இருப்பது ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற ரசீது. கிளையில் யாருக்கு எந்த வேலை பயம், எந்தக் கிளார்க் தெரியாததைத் தெரிந்ததுபோல் சமாளிக்கிறார் என்பதும் அந்தப் பதினைந்து நிமிஷங்களில்தான் என் காதுக்கு வந்தது. மேலாளர் கேபினுக்குள் அதெல்லாம் வராது. படிவங்களை அதன் பிறகும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். அதில் இதையெல்லாம் எழுத இடம் இல்லை.

2018-இல் எனக்கு மாற்றல் வந்தது. புது மேலாளர் வரும்வரை பொறுப்பு அவரிடம். சாவியை ஒப்படைக்கும்போது மணி ஏழரை, கடைசி பஸ் எட்டேகாலுக்கு. சாவியை வாங்குகிறவர் இருப்புப் பணம் முழுவதையும் எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். “மேல மேல பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடும்மா, நாள் முழுக்க நாமதானே இருந்தோம்” என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எண்ணிடலாம் சார்.”

பத்து ரூபாய்க் கட்டுகள் வரை எண்ணி முடிக்கும்போது பஸ் போய்விட்டிருந்தது.