சோலை இருட்டில் கிட் லென்ஸும் சட்டைப்பை கேமராவும்

கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலைக்குள், பாசி போர்த்திய நாவல் இனத்து மரமொன்றின் அடித்தண்டை, ஒரே இடத்தில் நின்று, ஏறத்தாழ ஒரே பார்வைக் கோணத்தில், ஒரே ஷட்டர் வேகத்தில் இரண்டு கேமராக்களால் எடுத்துப் பார்த்தேன். ஒன்று என் மனைவியின் தம்பி புதிதாக வாங்கிய, லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய மிரர்லெஸ் கேமராவான கேனான் ஆர்50, அதனுடன் பெட்டியிலேயே வந்த 18-45 மி.மீ. கிட் லென்ஸ். மற்றொன்று கோவையில் நான் பழையதாக வாங்கிய, சட்டைப்பையில் அடங்கும் காம்பாக்ட் கேமராவான சோனி ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பு. 2014-இல் வெளிவந்த மாடல். இரண்டு ராவ் கோப்புகளையும் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்புகள்) கணினித் திரையில் அருகருகே வைத்துப் பெரிதாக்கியபோது, நிழலில் கிடந்த பெரணி இலைகளின் ஓரம் பழைய காம்பாக்ட்டில் தெளிவாகவும், புதிய மிரர்லெஸ்ஸில் ரவை தூவியது போலவும் தெரிந்தது. தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. “அது எப்படிங்க மாமா, சின்ன சென்சார் ஜெயிக்கும்? எங்கயோ செட்டிங் மாறியிருக்கு” என்றார். எதுவும் மாறவில்லை.

கணக்கு எளியது, ஆனால் கடையில் நடக்கும் பேச்சில் அது வருவதே இல்லை. ஆர்50-இன் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) 22.3 x 14.9 மி.மீ., அதாவது சுமார் 332 சதுர மி.மீ. பரப்பு. காம்பாக்ட்டின் சென்சார் 13.2 x 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மி.மீ. பரப்பில் மிரர்லெஸ் 2.86 மடங்கு பெரியது என்பதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு விடை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் ஜூமின் நீண்ட முனையில், இரண்டும் 35 மி.மீ. ஃபிலிம் அளவில் 70 மி.மீ.-ஐ ஒட்டிய கோணத்தைக் காட்டும் இடத்தில், கிட் லென்ஸ் எஃப்/6.3-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதாக ஆக, ஒளி நுழையும் துளை பெரிது). காம்பாக்ட்டின் லென்ஸ் எஃப்/2.8 வரை திறக்கும். 6.3-ஐ 2.8-ஆல் வகுத்து அதன் வர்க்கத்தை எடுத்தால் 5.06 வருகிறது. சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் காம்பாக்ட்டுக்கு ஐந்து மடங்கு ஒளி விழுகிறது, சென்சார் 2.86 மடங்கு சிறியது. ஆகவே ஒரு படத்துக்கு மொத்தமாகச் சேரும் ஒளி காம்பாக்ட்டில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு கூடுதல். ஐயமுள்ளவர்கள் துளையின் விட்டத்தைக் கொண்டும் சரிபார்க்கலாம்: குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், காம்பாக்ட்டில் 25.7-ஐ 2.8-ஆல் வகுக்க 9.2 மி.மீ., கிட் லென்ஸில் 45-ஐ 6.3-ஆல் வகுக்க 7.1 மி.மீ. ஒளி உள்ளே வரும் வாசல் சிறிய கேமராவில்தான் பெரியதாக இருக்கிறது. 1/60 நொடியில் காம்பாக்ட் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 800-இல் முடித்த வேலைக்கு ஆர்50 ஐஎஸ்ஓ 4000-க்கு ஏற வேண்டியிருந்ததன் காரணம் இதுவே. ஆர்50 2023-இல் வந்தது என்பதால் அதன் சென்சார் நுட்பத்தில் முன்னேறியதுதான். ஆனாலும் இருட்டில் தெரியும் பிசிறின் பெரும்பகுதி ஒளியின் போதாமையால் வருவது, அதைப் புதுமை ஈடுசெய்யாது.

இந்த வெற்றி சோலைக்குள் மட்டும்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோடநாடு காட்சிமுனையில் நல்ல வெயிலில் மாயாற்றுப் பள்ளத்தாக்கையும் ரங்கசாமி மலையையும் எடுத்தபோது நிலைமை தலைகீழானது. ஒளிக்குக் குறைவில்லாத இடத்தில் இரண்டு கேமராக்களும் மிகக் குறைந்த ஐஎஸ்ஓவில் இயங்குகின்றன. அப்போது அதிக ஒளியைத் தாங்கிக்கொள்ளும் பெரிய சென்சாருக்கே ஆதாயம். மேகத்தின் வெண்மை கெடாமல் பள்ளத்தாக்கின் நிழலைக் கணினியில் உயர்த்திப் பார்க்கையில் ஆர்50-இன் கோப்பு வளைந்துகொடுத்தது. காம்பாக்ட்டின் கோப்பில் நிழல் சீக்கிரமே பழுப்பேறியது. ட்ரைபாடில் வைத்து அசையாத பொருளை எடுப்பவர்களுக்கும் இதே முடிவுதான். எனக்கோ வெட்டவெளிக் காட்சிகளில் ஈடுபாடு குறைவு. சோலைத்தரை, பாசி, பெரணி, மரத்தில் ஒட்டிய சிறு ஆர்க்கிட், இவைதான் என் நாட்டம். அங்கே நண்பகலிலும் வெளிச்சம் வடிகட்டித்தான் இறங்குகிறது.

இவ்வளவும் கிட் லென்ஸைப் பற்றிய குற்றச்சாட்டே தவிர, மிரர்லெஸ்ஸைப் பற்றியது அன்று. அடுத்து நான் ஆர்50-இல் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் பொருத்திப் பார்த்தேன். ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் இரவல் வாங்கியது, 160 கிராம் எடையுள்ள எளிய லென்ஸ். மீண்டும் அதே கணக்கைப் போட்டால், காம்பாக்ட்டின் எஃப்/2.8-ஐவிட எஃப்/1.8 ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 2.4 மடங்கு ஒளி தருகிறது. அதைச் சென்சார் பரப்பின் 2.86 மடங்கோடு பெருக்கினால் ஏழு மடங்கை நெருங்குகிறது. தாளில் பார்க்க இது பெரிய வெற்றி. சோலைக்குள் போனதும் அதில் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது, ஏனென்றால் ஆர்50-இன் உடலுக்குள் அதிர்வுத் தடுப்பு (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் ஏற்பாடு) இல்லை. இந்த 50 மி.மீ. லென்ஸிலும் இல்லை. கிட் லென்ஸிலும் காம்பாக்ட்டிலும் அது உண்டு.

இந்த ஓரிடத்தில்தான் என் மாலைகள் பெரும்பாலும் கழிந்தன. காம்பாக்ட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கைகளை விலாவில் ஊன்றி 1/30 நொடியில் எடுத்தால் பெரும்பாலான படங்கள் கூர்மையாகவே வருகின்றன. 50 மி.மீ. லென்ஸ் ஆர்50-இல் 80 மி.மீ. கோணத்தைக் காட்டுவதால், அதே கைகளுக்கு 1/125 நொடி வேண்டியிருக்கிறது. 1/60-இல் எடுத்தவற்றில் நம்பத்தக்கவை குறைவு. நான்கு மடங்கு ஒளி ஷட்டரிலேயே போய்விட, ஏழு மடங்கு ஆதாயம் இரண்டு மடங்குக்கும் கீழே இறங்குகிறது. அதோடு, எஃப்/1.8-இல் அருகிலிருந்து எடுத்தால் பெரணியின் ஒரு மடல் மட்டும் ஃபோகஸில் நின்று மற்றவை மங்கிவிடுகின்றன. எல்லா மடல்களும் வேண்டுமென்று அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப்/4-க்குச் சுருக்கினால் எஞ்சிய ஆதாயமும் போய்விடும். அசையாத பொருள், கையில் பிடித்து எடுப்பது, ஆழமான ஃபோகஸ் என்ற மூன்றும் சேர்ந்தால் விலையுயர்ந்த கூட்டணிக்கும் காம்பாக்ட்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு மிகச் சொற்பம். காற்றில் இலை ஆடும்போதும், பொருள் தானே அசையும்போதும் நிலைமை வேறு. அங்கே இருவருக்கும் 1/125 கட்டாயம் என்பதால் அதிர்வுத் தடுப்பால் பயனில்லை; 50 மி.மீ. லென்ஸ் தன் முழு ஏழு மடங்கையும் காட்டுகிறது. உடலிலேயே அதிர்வுத் தடுப்பு உள்ள தொடக்கநிலை மிரர்லெஸ் குறைவு. விலைப்பட்டியலில் அந்த ஒரு வரியைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் கருத்து.

மூடுபனியில் ஃபோகஸ் செய்வது தனிப் பாடு. காம்பாக்ட்டின் தானியங்கி ஃபோகஸ் காட்சியின் நிழல்-ஒளி வேறுபாட்டை மட்டும் நம்பி இயங்குவதால், பனி இறங்கியதும் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக் களைத்துவிடுகிறது. ஆர்50 இதில் எவ்வளவோ மேல். அதன் சென்சாரிலேயே உள்ள ஃபேஸ் டிடெக்ஷன் என்ற ஃபோகஸ் முறை ஒரு கிளையின் கருத்த விளிம்பு கிடைத்தாலே பற்றிக்கொள்கிறது. அடர்ந்த பனியில் மட்டும் அதுவும் தடுமாறுகிறது. இதற்கு நான் கண்ட வழி, காம்பாக்ட்டைக் கைமுறை ஃபோகஸுக்கு மாற்றி, ஜூமை முழு விரிகோணத்தில் வைத்து, எஃப்/4-இல் தூரத்தை 2 மீட்டரில் நிறுத்திவிடுவது. 8.8 மி.மீ. குவியத் தூரத்துக்கும் அந்தச் சென்சாருக்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கிறது; அதன்பின் ஃபோகஸ் என்ற கவலையே இல்லை. ஆர்50-இல் 18 மி.மீ., எஃப்/5.6 என்று வைத்து 3 மீட்டருக்குச் சற்று மேல் நிறுத்தினால் சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்துதான் கூர்மை தொடங்கும். ஒளிக்கு வேண்டாத சிறிய சென்சார் இங்கே தானாகவே உதவுகிறது. பனியை ஒளிமானி நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும் என்பதால், இரண்டிலுமே எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) வரை கூட்டியே வைத்திருக்கிறேன்.

எடையைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. மெமரி கார்டும் பேட்டரியும் சேர்த்துக் காம்பாக்ட் 290 கிராம். ஆர்50 கிட் லென்ஸோடு 500 கிராமைச் சற்றுத் தாண்டுகிறது. தூக்குவதற்கு இரண்டுமே சுமையன்று. வேறுபாடு வடிவத்தில் இருக்கிறது: ஒன்று ஸ்வெட்டரின் பையில் போய்விடுகிறது, மற்றதற்குத் தனிப் பை வேண்டும், பையைத் திறக்க வேண்டும், மடங்கிய கிட் லென்ஸைத் திருகி நீட்டவும் வேண்டும், அதற்குள் தேயிலைச் சரிவில் திறந்த மேகம் மூடிக்கொள்கிறது.

பழைய காம்பாக்ட் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். சிறு காம்பாக்ட்டுகள் மீது இளைஞர்களுக்கு அண்மையில் எழுந்த மோகத்தால் பழைய கேமராக்களின் விலையும் ஏறியிருக்கிறது. கடைக்காரர்கள் அதை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். கோவையில் நான் முதலில் நுழைந்த கடையில், மேலே துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்த ஒரு கேமராவின் சென்சாரில் தூசி நிறைந்திருந்தது. நீண்டு மடங்கும் லென்ஸ் காற்றோடு தூசியையும் உள்ளிழுக்கும். லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் நாமே துடைக்கவும் இயலாது. எனவே அபர்ச்சரை எஃப்/11-க்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிக் கரும்புள்ளி தேட வேண்டும். பிறகு நாளிதழின் ஒரு பக்கத்தைச் சுவரில் ஒட்டி, அபர்ச்சரை முழுதாகத் திறந்து எடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே அளவில் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஒரு மூலை மட்டும் குழம்பியிருந்தால் அந்தக் கேமரா எங்கோ விழுந்து எழுந்தது என்று பொருள். இந்தச் சோதனைக்கு முகம் சுளிக்கும் கடையில் வாங்காமல் வருவதே நல்லது. நான் வாங்கிய கடைக்காரர் தாமே நாளிதழை எடுத்துக் கொடுத்தார்.

மலையில் பாதுகாப்பும் ஒரு பெரிய செலவு. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே கிடைப்பதால், ஆண்டில் பல மாதங்கள் வீட்டுக்குள்ளேயே ஈரம் தங்குகிறது. அலமாரிக்குள் தோல் பையில் வைத்த லென்ஸில் பூஞ்சை படராமல் இருந்தால்தான் வியப்பு. காற்றுப் புகாத சமையலறை டப்பா, சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி ஆகியவற்றைக் கொண்டு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் ஈரப்பதத்தை நிறுத்தப் பார்க்கிறேன். இப்போது மழைநாளில் 55-ஐ விட்டு முள் இறங்க மறுக்கிறது. டப்பாவின் மூடியில் உள்ள ரப்பர் வளையத்தின் மீதுதான் என் சந்தேகம். லென்ஸ் கழற்றும் கேமராவாக இருந்தால் இந்த டப்பாவும் பெரிதாக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்கலாம். குளிரில் ஊறிய கேமராவோடு மேட்டுப்பாளையத்தில் இறங்குகிறவர்கள் பையை உடனே திறக்கக் கூடாது; சமவெளியின் ஈரக்காற்று பட்டதும் கண்ணாடியில் நீர் கோத்துவிடும், கழற்றி மாட்டும் வாய் வழியாகச் சென்சார் வரையும் போகும்.

இதற்கிடையே கருஞ்செம்மை ஈப்பிடிப்பான் என் தீர்மானத்தைக் குலைத்துக்கொண்டிருக்கிறது. சோலையின் கீழ்ப்புதரில் தாழப் பறந்து, ஒரே குச்சியில் சிறிது நேரம் அமர்ந்திருக்கும் அந்தச் சிறு பறவை அவ்வளவு நெருங்கவிடுகிறது. ஆனாலும் 70 மி.மீ. கோணத்தில் அது ஒரு செம்புள்ளி மட்டுமே. ஆர்50-க்கு விற்கப்படும் 55-210 மி.மீ. லென்ஸ் நீண்ட முனையில் எஃப்/7.1, மேற்கண்ட கணக்கைப் படித்தவர்களுக்கு அது சோலைக்குள் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அடாப்டர் போட்டுக் கேனானின் பழைய இஎஃப் வகை 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் பொருத்தினால் 136 மி.மீ. கோணம் கிடைக்கும், வாசலும் 47 மி.மீ. விட்டத்துக்கு விரியும். கோவைக்கடைக்காரரிடம் ஒன்று வந்தால் சொல்லும்படி கேட்டிருக்கிறேன்.

ஆகவே நடைக்கும் பாசிக்கும் காம்பாக்ட் என்னிடமே இருக்கும். கிட் லென்ஸோடு மட்டும் மிரர்லெஸ் வாங்கி அத்துடன் நிறுத்திக்கொள்வதாக இருந்தால், இந்த மலைச்சோலைகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கியவர் தயங்காமல் மிரர்லெஸ் பக்கம் போகலாம். தம்பியின் ஆர்50 இந்த மாதக் கடைசி வரை என்னிடம் இருப்பதாக ஒப்பந்தம். அதற்குள் 85 மி.மீ. லென்ஸ் வந்தால் ஈப்பிடிப்பானை எடுத்துப் பார்த்துவிடுவேன். வராவிட்டால் டப்பாவின் ரப்பர் வளையத்தையாவது மாற்றி, ஈரமானி எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதுகிறேன்.