ஓடினால் ஊட்டி, நின்றால் வேலூர்

போன மே மாதம் எங்கள் காருக்கு ஒரு விசித்திரமான வியாதி வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வரை ஏசி ஊட்டி. சிக்னலில் நின்றால் இரண்டே நிமிடத்தில் வேலூர். பச்சை விழுந்து கொஞ்ச தூரம் உருண்டால் குன்னூர் அளவுக்காவது தேறும். அதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிடும். மடிப்பாக்கத்திலிருந்து கிண்டி போய்ச் சேர்வதற்குள் நாலைந்து தடவை மலையேறி இறங்கியிருப்போம். வேலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மாமனார் ஊரே அதுதான்.

வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 12 வயது. வெள்ளை நிறம் என்று ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது.

"ஓடினாதான் குளிரும்னா ஒரு சைக்கிள் வாங்கியிருக்கலாமே" என்றாள் மனைவி. பாதி வைத்தியம் அந்த ஒரு வரியிலேயே இருந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை. கேலி செய்கிறாள் என்று மட்டும் புரிந்தது.

நான் என் பங்குக்கு ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். தூரத்தில் சிவப்பைப் பார்த்ததுமே வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்குக் கொண்டுவந்து, நிற்காமலேயே பச்சையைப் பிடிப்பது. பின்னால் வருகிற பைக்காரர்கள் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்கள். நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்ததால் எதுவும் சரியாகக் காதில் விழவில்லை.

விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான்: "கேஸ் கம்மியா இருக்கும்." ஆபீஸ் நண்பர் சொன்னார், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சொன்னார், இஸ்திரி போடுகிறவரும் சொன்னார். நெஞ்சு கரித்தாலும் முதுகு பிடித்தாலும் 'கேஸ் ட்ரபிள்' என்று சொல்லும் நாடு இது. காரை மட்டும் விட்டுவிடுவார்களா? மெயின் ரோட்டில் 'ஏசி கேஸ் ஃபில்லிங்' என்று போர்டு வைத்த ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பானெட்டைத் திறந்தார். குழாயை மாட்டினார். உஸ்ஸ் என்று ஒரு சத்தம், 1,800 ரூபாய். மாலை ஏழு மணி, கடல்காற்று வேறு. உள்ளே கை வைத்தால் ஜிலுஜிலு. வெற்றிவீரனாக வீடு திரும்பினேன்.

மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு கத்திப்பாராவில் நின்றேன். வேலூர்.

திரும்பப் போனால், "லைட்டா இன்னும் கொஞ்சம் வேணும் சார்" என்று மேலும் ஒரு உஸ்ஸ். 600 ரூபாய். அதற்குப் பிறகு புதிதாக ஒரு பழக்கம் சேர்ந்துகொண்டது. நின்றால் 'டக்' என்று சத்தம் போட்டு கம்பிரசரே அணைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து 'டக்', மறுபடி வரும். வீட்டில் கோபித்துக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, யாரும் கூப்பிடவில்லையே என்று தானே திரும்பி வருகிற ஆள் மாதிரி.

இந்த நிலைமையில்தான் காஞ்சிபுரத்தில் கல்யாணம் வந்தது. அக்னி நட்சத்திரம் பிறந்து மூன்றாம் நாள். பின் சீட்டில் பட்டுப்புடவையில் மனைவியும் மாமியாரும். முன் சீட்டில் கஞ்சி போட்ட வேட்டியில் மாமனார். அவருக்கு ஏசி மேல் நம்பிக்கையும் கிடையாது, மரியாதையும் கிடையாது. "2003ல மெட்ராஸ்லயே 45 டிகிரி அடிச்சுது மாப்பிள்ளை. அன்னிக்கும் நான் பஸ்லதான் வந்தேன். ஜன்னல் சீட்டு" என்றார். அந்த ஜன்னல் சீட்டை அவர் அழுத்திச் சொன்ன விதத்தில், அதுவே ஏதோ ஆடம்பரம் என்பது போல இருந்தது.

பூந்தமல்லி தாண்டி ஹைவே ஏறியதும் ஊட்டி வந்துவிட்டது. பேச்சுக் கலகலப்பு. ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றதும் கலகலப்பு நின்றது. மாமியார் கல்யாணப் பத்திரிகையை விசிறியாக்கினார். அப்போதுதான் மாமனார் குனிந்து காலைப் பார்த்தார்.

கால் நனைந்திருந்தது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவருடைய வலது பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. வேட்டிக் கரை ஈரம். மிதியடியில் ஒரு சின்னக் குளம்.

"கல்யாணத்துல நான் உங்க காலைக் கழுவினேன். கணக்கு இப்பதான் நேராகுது" என்றார் நிதானமாக.

பின் சீட்டில் மனைவி சிரிப்பை அடக்கியது கண்ணாடியில் தெரிந்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள், சைதாப்பேட்டையில் ஏசி வேலை மட்டுமே செய்கிற ஒரு பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஆபீஸ் டிரைவர் சொல்லியனுப்பிய இடம். மாமனாரும் கூடவே கிளம்பிவிட்டார். "உங்க முகத்தைப் பார்த்தாலே ஒர்க்‌ஷாப்காரனுக்கு விலை தோணும், மாப்பிள்ளை" என்பது அவர் சொன்ன காரணம்.

பாய் முதலில் எதையுமே தொடவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எப்போது குளிர்கிறது, எப்போது குளிரவில்லை என்று டாக்டர் மாதிரி கேட்டார். நான் ஊட்டி, வேலூர், திண்ணைக் கதை எல்லாம் சொன்னேன். பிறகு ஏசியைப் போடச் சொல்லி, நீலமும் சிவப்புமாக இரண்டு டயல் உள்ள பிரஷர் கேஜை மாட்டினார். "நீலம் லோ சைடு, 30, 40க்குள்ள இருக்கணும். சிவப்பு ஹை சைடு, இந்த வெயிலுக்கு 250க்குள்ள நிக்கணும்" என்றார். சிவப்பு முள் 350ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் 'டக்'. திண்ணைக்குப் போய்விட்டது.

"இது ஆஃப் ஆகலைன்னா பைப்பே வெடிச்சிடும் சார். பிரஷர் ஸ்விட்ச் காப்பாத்துது. கேஸ் யாரு போட்டா? எடை போட்டு ஏத்தினாங்களா?"

எடையா? உஸ்ஸ் என்ற சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும். பாய் பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த அழுக்குப் பிடித்த ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் துடைத்துக் காட்டினார். ஆர்134ஏ என்ற கேஸ், 450 கிராம். இத்தனை வருடம் இது எங்கள் வண்டியில் ஒட்டியிருக்கிறது. நான் பார்த்ததே இல்லை. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற சமாச்சாரம் இல்லையாம் இந்த கேஸ். ஃபிரிட்ஜில் இருப்பது போல உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டை இருந்தால்தான் குறையும். குறையாத இடத்தில் இரண்டு தடவை காசு கொடுத்து ஏற்றியிருக்கிறேன்.

அப்புறம் பாய் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டு, கிரில் வழியாக உள்ளே இருந்த கண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி. சிவப்பு முள் 350லிருந்து 300, 250 என்று இறங்கியது. "உள்ள போய் கை வைங்க" என்றார். வைத்தேன். ஊட்டி! நின்ற இடத்திலேயே ஊட்டி!

"ஏசிங்கறது குளிரை உண்டாக்குற மெஷின் இல்ல சார். உள்ள இருக்கற சூட்டை அள்ளிட்டு வந்து இந்தக் கண்டென்சர்ல கொட்டுற மெஷின். ஓடும்போது எதிர்க்காத்து சூட்டை வாரிட்டுப் போயிடும். நின்னா ஃபேன்தான் வாரணும். உங்க ஏசி ஃபேன் சுத்தலை."

இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் ஃபேன் வேறு, அது நன்றாகவே ஓடுகிறது. அதனால்தான் டெம்பரேச்சர் முள் ஏறவே இல்லை, எனக்குச் சந்தேகமும் வரவில்லை. ஏசிக்கென்று இன்னொரு ஃபேன், எங்கள் வண்டியில் கண்டென்சருக்கு முன்னால், கிரில்லை ஒட்டி இருக்கிறது. அதைப் பார்க்க பம்பரைக் கழற்ற வேண்டும்.

பம்பரைக் கழற்றுவது என்பது நம் பழைய கதைகளை எல்லாம் பொதுவில் விரிப்பது போல. இடது மூலை, எங்கள் கேட் தூண். வலது மூலை, சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி. நடுவில் இருப்பது பற்றி நான் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஹெல்பர் தம்பி ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்புகளை நெம்ப நெம்ப அவை பொட்டுக்கடலை மாதிரி உடைந்து தெறித்தன. பாய் பம்பரை விரலால் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் டொக், ஓரிடத்தில் தொப். "இதுல பம்பர் எவ்ளோ, பட்டி எவ்ளோ சார்?" மாமனார் என் பக்கம் திரும்பினார். நான் வாட்ஸப் பார்த்தேன்.

பம்பர் வந்ததும் ஃபேன் தெரிந்தது. ஃபேனின் நடு அச்சில் ஏதோ கறுப்பாக, இறுக்கமாகச் சுற்றியிருந்தது. எலிக்கூடு என்றான் தம்பி. பாய் கத்தியால் கீறி, சிடுக்கெடுப்பது போல மெல்ல இழுத்தார். கறுப்புக் கயிறு. அதன் முனையில் கருகிச் சுண்டிய, ஜாதிக்காய் அளவுக்கு ஏதோ ஒன்று. எலுமிச்சம்பழம். கூடவே காய்ந்த மிளகாய்க் காம்பு ஒன்று. இன்னும் கொஞ்சம் இழுத்தார். இன்னொரு கயிறு. இன்னொரு எலுமிச்சை.

கடையே அமைதியானது. நான் மாமனாரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு மிகுந்த முயற்சி தேவைப்பட்டது.

ஆயுத பூஜைக்கு வந்திருந்தபோது கிரில்லில் திருஷ்டிக் கயிறு கட்டியவர் அவர்தான். பொங்கலுக்கு வந்தபோது அதைக் காணோம். "எவனோ அவுத்துட்டுப் போயிட்டான், பாருங்க ஊர் எப்படி இருக்குன்னு" என்று சொல்லி, இன்னும் தடிமனாக ஒன்று கட்டிவிட்டுப் போனார். அதுவும் காணாமல் போனது. ஊர்மீது நாங்கள் எல்லோரும் அபாண்டமாகப் பழி போட்டிருக்கிறோம். கயிறு நைந்து உள்ளே விழ, ஃபேன் சுருட்டிக்கொள்ள, சுற்ற முடியாமல் மோட்டார் திணறி, ஃபியூஸும் போய், மோட்டாரும் போய்விட்டது.

பாய்தான் காப்பாற்றினார். "பெரியவர் நல்ல எண்ணத்துலதான் கட்டியிருக்கார். என் கடை வாசல்லயும் கட்டியிருக்கேன், பாருங்க. ஃபேனுக்குப் பக்கத்துல கட்டலை, அவ்ளோதான்."

மாமனார் அந்தச் சுண்டிய எலுமிச்சையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பாத்தீங்களா மாப்பிள்ளை? நமக்கு வர வேண்டியதை எல்லாம் இதுவே வாங்கிக்கிச்சு. ஃபேனோட போச்சு."

இதற்கு என்ன பதில் சொல்வது? "ஆமா மாமா" என்றேன்.

இந்த மாடலுக்குப் புது ஃபேன் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பழைய வண்டி பாகங்கள் விற்கிற புதுப்பேட்டைக்குக் கிளம்பினோம். ஒரு கடையில் கதவுகள் மட்டும், ஒன்றில் ஹெட்லைட்டுகள் மட்டும், ஒன்றில் பம்பர்கள் கோரைப்பாய் சுருட்டி அடுக்கியது போல. நாலாவது கடையில் எங்கள் ஃபேன் இருந்தது. கடைக்காரர் தரையில் கிடந்த பேட்டரியில் இரண்டு வயர்களையும் தொட்டுக் காட்டினார். ஃபேன் சீறிக்கொண்டு சுற்றி, மாமனாரின் துண்டைப் பறக்கவிட்டது. விலை 2,500 என்றார். மாமனார் ஒன்றும் பேசாமல் அங்கிருந்த ஒரு பழைய கார் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். வெயிலில், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, வேலூர்க்காரரின் நிதானத்தோடு. இருபது நிமிடத்தில் 1,400 ஆனது. ஷேர் ஆட்டோ இடித்ததிலிருந்து செலோடேப்பில் தொங்கிக்கொண்டிருந்த இடப்பக்க மிரர் கவருக்கும் ஒன்று, மேலே 200 கொடுத்து வாங்கினார். நிறம் சிவப்பு. "உள்ள இருக்கற கண்ணாடிதான் முக்கியம், மாப்பிள்ளை." இப்போது வண்டி ஒரு காதில் மட்டும் செம்பருத்தி வைத்திருக்கிறது.

மீதி வேலை சீக்கிரம் முடிந்தது. மெஷினில் கேஸை முழுக்க இழுத்து, எடை போட்டு 450 கிராம் ஏற்றினார்கள். மாமனாரின் பாதத்தை நனைத்த, ஏசித் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் குழாயில் காற்றடித்ததும் எங்கள் தெருப் புங்கமரத்துச் சருகும் மண்ணுமாக ஒரு உருண்டை வெளியே வந்து விழுந்தது. அந்தத் தண்ணீர் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டியதாம். வாட்டர் சர்வீஸில் கிட்டத்தில் வைத்துப் பீய்ச்சியதில் கண்டென்சரின் மெல்லிய தகடுகள் படுத்துவிட்டிருந்தன. அவற்றைத் தம்பி பேன் சீப்பு மாதிரி ஒன்றை வைத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தலை வாருவது போல வாரி நிமிர்த்தினான். உடைந்த கிளிப்புகளுக்குப் பதில் பத்து ரூபாய் கிளிப்புகள். பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

வீடு திரும்பும்போது சிக்னலில் நின்று சோதித்துப் பார்க்க ஆசை. சின்னமலையில் பச்சை. அடுத்ததும் பச்சை. மாட்டுவண்டி வேகத்தில் போய்ப் பார்த்தேன், அப்போதும் பச்சை. கடைசியில் வேளச்சேரிக்குள் நுழைந்த பிறகுதான் ஒரு சிவப்பு கிடைத்தது, 120 விநாடி. இருவரும் எண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். 90. 60. ஊட்டி அப்படியே இருந்தது. 40ல் மாமனார் துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் குறைங்க. ஜலதோஷம் பிடிக்கும்" என்றார்.

அடுத்த அமாவாசைக்கு முதல் நாள் அவர் வேலூரிலிருந்து வந்தார். பையில் புதுக் கயிறு, படிகாரம், எலுமிச்சை, மிளகாய். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இந்தத் தடவை எங்க கட்டட்டும்?" என்று என்னையே கேட்டார். பின்னால் நம்பர் பிளேட் பக்கம் கையைக் காட்டினேன். யோசித்தார். "அதுவும் சரிதான். கண்ணு வைக்கிறவன் பின்னாடி வர்றவன்தானே."

அன்றிலிருந்து ரிவர்ஸ் போட்டால் சென்சர் விடாமல் கத்துகிறது. அதன் கணக்குப்படி, பம்பரிலிருந்து நாலு விரல்கடையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் வந்துகொண்டே இருக்கிறது.