ஓபோ வாங்கிய அனுபவம்: நான்கு மாதக் குறிப்பு

மேற்கத்திய இசைக்குழு சுருதி சேர்க்கும்போது முதலில் 'ஏ' சுரத்தை ஊதிக் காட்டும் குழல் கருவி ஓபோ. புல்லாங்குழல் வாசித்துப் பழகிய எனக்கு அந்த ஒற்றைச் சுரத்தின் மேல்தான் முதலில் ஆசை வந்தது.

தேடத் தொடங்கியபோது, கிரெனடில்லா என்னும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்ததைத்தான் வாங்க வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். உள்ளே மூச்சின் வெப்பமும் ஈரமும், வெளியே ஏசி அறையின் குளிரும் சேர்ந்தால் புதிய மரத்தின் மேல்கட்டை முதல் சில மாதங்களிலேயே விரிசல் விடக்கூடும் என்று ஆசிரியர் விளக்கிய பிறகு, சென்னையில் இருந்துகொண்டு அந்தக் கவலையைச் சுமக்க வேண்டாம் என்று, ரெசின் என்னும் பிளாஸ்டிக் வகையால் செய்த பழைய கருவி ஒன்றைத் தேடினேன்.

மரத்தைவிட, துளைகளை மூடித் திறக்கும் சாவிகளைப் பார்த்து வாங்குவதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. எஃப் சுரத்துக்கு வலக்கை மோதிரவிரல் ஒரு சாவியை அழுத்த வேண்டும். அதே விரல்தான் டி சுரத்தின் துளையையும் மூட வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து வந்தால், வழக்கமான விரல்முறையில் விரல் சறுக்கித்தான் போக வேண்டியிருக்கும். இடக்கைச் சுண்டுவிரலுக்கென்று தனி எஃப் சாவி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. விலை குறைந்த புதிய கருவிகள் பலவற்றில் அந்தச் சாவியே இல்லை.

இரண்டு பழைய கருவிகளைச் சோதித்தேன். மேல்கட்டையைத் தனியே கழற்றி, துளைகளை விரல்களால் மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, மேல்முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சினேன். முதல் கருவியில் உறிஞ்சிய வேகத்திலேயே எங்கிருந்தோ காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. ஒரு சாவியின் அடித்தக்கை ஓரத்தில் மடிந்திருந்தது. இரண்டாவதில் உறிஞ்சிய வெற்றிடம் சில நொடிகள் நாக்கைப் பிடித்து இழுத்தது. அதையே வாங்கினேன்.

ஊதுமுனையில் செருகும் சீவாளிக்குத் தனியாகப் பணம் ஒதுக்காதது என் பிழை. நாதஸ்வரத்தைப் போல இதற்கும் இரட்டை நாணல் சீவாளிதான். ஆனால் மெல்லியது, சில வாரங்களில் தளர்ந்துவிடுகிறது. தண்ணீரில் சற்று ஊறவைத்து, கருவியில் செருகாமல் ஊதினால் காகம் கரைவது போல ஒலிக்க வேண்டும். எனக்கு அந்த ஒலி மூன்றாவது வாரத்தில்தான் வந்தது.

புல்லாங்குழலில் மூச்சு தீர்ந்துபோகும். ஓபோவிலோ மூச்சு மிஞ்சி நெஞ்சு முட்டுகிறது. மிச்சக் காற்றை வெளியே விட்டபின் புது மூச்சு எடுக்க இப்போதுதான் பழகுகிறேன். கீழ் பி, பி ஃப்ளாட் இரண்டும் இன்னும் நிலையாக வரவில்லை. கீழ்க்கட்டையின் சரிசெய்யும் திருகுகளை அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் காட்டப் போகிறேன்.