உதகைக் குளிரில் கோல்ஃப் ஆட

மார்கழியில் உதகைக்குக் கோல்ஃப் ஆடக் கிளம்பும் கோவை, திருப்பூர் நண்பர்களே, தடித்த ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம் அது. வெயில் ஏறும்வரை விரல்கள் மரத்துப்போகும்.

உடலை ஒட்டிய உள்ளாடைதான் முக்கியம். பருத்தி வேண்டாம். பின்னலாடை ஊர்க்காரனாக இதைச் சொல்ல மனம் தயங்குகிறது, ஆனாலும் உண்மை அதுதான். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மேட்டில் ஏறி வியர்த்துவிட்டு, அடுத்தவர் அடிக்கக் காத்து நிற்கும்போது அந்த ஈரமே உடலை நடுக்கிவிடும். பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் பின்னியதை வாங்குங்கள்.

அதன்மேல் கையில்லாத ஃபிளீஸ் (மென்மையான, கதகதப்பான செயற்கை இழைத் துணி) மேலாடை. தோள் தடையின்றிச் சுழலும். காற்று வீசினால் மெல்லிய விண்ட்சீட்டர் போதும். அடிக்காத நேரமெல்லாம் இரு கைகளிலும் கம்பளிக் கையுறை இருக்கட்டும். பனியில் புல் நனைந்திருக்கும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி அவசியம் எடுத்துச் செல்லுங்கள்.