ஒரே சரக்குக்கு இரண்டு கணக்கு: இந்தியா–இலங்கை வர்த்தகத் தரவைச் சீராக்குவது

இலங்கைக்கு இவ்வளவு அனுப்பினோம் என்று இந்தியா ஒரு தொகை சொல்லும். இந்தியாவிலிருந்து இவ்வளவு வாங்கினோம் என்று இலங்கை வேறொரு தொகை சொல்லும். இரண்டும் ஒத்துப்போவதில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டதுமே 'கள்ளக்கணக்கு' என்று ஒரு அத்தியாயம் எழுதத் தொடங்கிவிடும் ஆய்வு மாணவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். இடைவெளியின் பெரும்பகுதி கணக்கெடுக்கும் முறையிலேயே பிறக்கிறது. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதில்தான் ஆய்வுக்கு வேலை இருக்கிறது.

இரண்டு நாட்டுக் கணக்கும் ஒரே அச்சில், டாலர் மதிப்பில் கிடைக்கும் இடம் ஐ.நா. புள்ளிவிவரப் பிரிவின் வர்த்தகத் தரவுத்தளமான காம்ட்ரேட். பதிவு செய்து கணக்குத் திறந்தால் போதும், காசு கட்டத் தேவையில்லை. ஏ.பி.ஐ. வழியாக, அதாவது மென்பொருள் மூலம் நேரடியாக, எடுப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது நாட்டுக் குறியீட்டில். ஐ.எஸ்.ஓ. பட்டியலில் இந்தியா 356. காம்ட்ரேட்டில் இன்றைய இந்தியா 699. அங்கே 356 என்பது சிக்கிம் சேர்வதற்கு முந்தைய இந்தியா. எனவே 356 கொடுத்தால் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளுக்குத் தரவே வராது, பிழைச் செய்தியும் வராது. தரவு இல்லை என்று நினைத்துக் கைவிட்டுவிடுவோம். இலங்கைக்கு இந்தச் சிக்கல் இல்லை, 144தான்.

அடுத்தது இரட்டிப்பு. இறக்கிய கோப்பில் 2, 4, 6 இலக்க எச்.எஸ். (பொருள்களை வகைப்படுத்தும் உலகப் பொதுக் குறியீடு) வரிசைகள் மூன்றும் கலந்திருக்கும். அப்படியே கூட்டினால் மொத்தம் மூன்று மடங்காகும். 'உலகம்' (குறியீடு 0) என்ற கூட்டாளி வரிசையும் தனி நாடுகளோடு சேர்ந்தே வரும். இப்போதைய காம்ட்ரேட்டில் போக்குவரத்து முறை, சுங்க நடைமுறை, இரண்டாம் கூட்டாளி என்று மேலும் மூன்று பிரிப்புகள் உள்ளன. மூன்றையும் மொத்தத்துக்கு (0, C00, 0) வைத்தே இறக்குங்கள். ஏற்றுமதிக்குள் மறு ஏற்றுமதியும் அடங்கியிருக்கிறது, அதைத் தனியாக எடுத்து மறுபடி கூட்டக் கூடாது.

சின்ன விஷயம், ஆனால் அதிக நேரம் தின்பது: சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். தேயிலையின் 0902 வெறும் 902 ஆகிவிடும். மீன், காய்கறி, மிளகு, பட்டை என்று இலங்கை ஆய்வுக்கு வேண்டிய பல பொருள்கள் 01 முதல் 09 வரையிலான அத்தியாயங்களில்தான் (குறியீட்டின் முதல் இரண்டு இலக்கம்) இருக்கின்றன. 'டேட்டா' பகுதியிலிருந்து இறக்கி, குறியீட்டு நிரலை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட்டால் தப்பிக்கலாம்.

எச்.எஸ். குறியீடு நிலையானது அல்ல. 1988-இல் நடைமுறைக்கு வந்தபின் 1996, 2002, 2007, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 வரை பொடிக்காத பட்டை எல்லாமே 090610. அதன்பின் இலங்கையின் அசல் கறுவாவுக்கு 090611, கேசியா முதலான மற்றவற்றுக்கு 090619. 090611-ஐ மட்டும் எடுத்து வரைபடம் போட்டால், 2007-க்கு முன் இலங்கை கறுவாவே விற்காததுபோல் இருக்கும். நீண்ட காலத் தொடர் வேண்டுமானால் பின்னிரண்டையும் கூட்டிப் பழைய 090610-உடன் இணைக்க வேண்டும். அசலையும் கேசியாவையும் பிரித்துக் காட்டுவதுதான் உங்கள் வாதம் என்றால், தொடரை 2007-க்குப் பின் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே படத்தில் சாதிக்க முடியாது.

இந்தியாவின் 8 இலக்க விவரம் வேண்டுமென்றால் வர்த்தக அமைச்சகத்தின் ஏற்றுமதி–இறக்குமதித் தரவு வங்கிக்குப் போக வேண்டும். அதன் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. இலங்கையின் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2021–22-ஐ 2021-க்கு நேராக வைப்பது ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் தவறு. சாதாரண ஆண்டில் இது மறைந்துகிடக்கும். நெருக்கடி ஆண்டில் காட்டிக்கொடுத்துவிடும். 2022 மார்ச்சில் இலங்கை ரூபாயை மிதக்கவிட்டபின் டாலருக்கு 200 என்ற அளவிலிருந்து சில வாரங்களில் 350-ஐத் தாண்டியது. அந்த ஆண்டின் ரூபாய்த் தொகையைச் சராசரி மாற்று விகிதத்தால் வகுத்தால், முதல் காலாண்டின் இறக்குமதி உண்மையைவிடச் சிறுத்துத் தெரியும். மாத வாரியாக எடுத்து, அந்தந்த மாத விகிதத்தில் மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். இந்தியப் பக்கத்தில் மாதத் தரவு எடுக்கும்போது அந்த மாதத் தொகையும் ஏப்ரலிலிருந்து கூட்டிய தொகையும் அருகருகே நிற்கும். நிரலை மாற்றி எடுத்தால் டிசம்பர் என்ற இடத்தில் ஒன்பது மாதத் தொகை வீங்கி நிற்கும்.

இனி விலை அடிப்படை. ஏற்றுமதி எஃப்.ஓ.பி., அதாவது கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை. இறக்குமதி சி.ஐ.எஃப்., சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்தது. பன்னாட்டு நிதியம் இந்த வித்தியாசத்துக்கு நெடுங்காலம் 10 சதவீதம் என்று வைத்திருந்தது, பின்னர் 6 ஆகக் குறைத்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு எல்லாச் சரக்குக்கும் ஒரே சதவீதத்தைக் கழிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. எடைக்கு மலிவான சிமெண்டுக்குக் கட்டணத்தின் பங்கு கூடும், மருந்துக்கு மிகக் குறைவாக இருக்கும். பொருள் வாரியாக இலங்கையின் இறக்குமதியை இந்தியாவின் ஏற்றுமதியால் வகுத்துப் பாருங்கள். 1-க்குச் சற்று மேலே இருந்தால் கவலை இல்லை. 1-க்குக் கீழே இறங்கினால் கொழும்புத் துறைமுகத்தைச் சந்தேகிக்கலாம். இந்தியச் சரக்கு அங்கே கப்பல் மாறி வேறு நாடுகளுக்குப் போகிறது. ஏற்றும்போது கடைசி இடம் தெரியாவிட்டால் இந்தியக் கணக்கில் அது 'இலங்கை' என்று விழும், இலங்கையின் இறக்குமதியில் ஏறவே ஏறாது. 89-ஆம் அத்தியாயத்தை, அதாவது கப்பல்களை, எப்போதும் தனியே ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கப்பல் ஓர் ஆண்டின் போக்கையே மாற்றிவிடும்.

இதையெல்லாம் கழித்த பிறகும் நிற்கும் மேடுகளுக்குக் காரணம் கொள்கையில் இருக்கும். 1998 டிசம்பர் 28-இல் கையெழுத்தான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இலங்கையின் ஏற்றுமதியில் இரண்டு பொருள்கள் திடீரென்று எழும்பின: வனஸ்பதி (1516), செம்பு (74). இலங்கையில் பாமாயில் விளைந்து கொட்டவில்லை. இந்தியாவில் பாமாயிலுக்கு வரி அதிகம், இலங்கையில் குறைவு. அங்கே இறக்கி, வனஸ்பதியாக்கி, ஒப்பந்தச் சலுகையில் வரியின்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். உள்ளூர் மதிப்புக்கூட்டல் 35 சதவீதம் என்ற விதி இருந்தும் இது நடந்தது. இந்தியா வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு வைத்ததும் மேடு சரிந்தது. இந்தச் சரிவை 'ஒப்பந்தத்தின் தோல்வி' என்று எழுதுமுன், 15, 74 அத்தியாயங்களை நீக்கிய தொடரையும் பக்கத்தில் வரைந்து பாருங்கள்; படம் வேறாக இருக்கும்.

அலகு விலை (ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்பது போன்ற விலை) கணக்கிடுபவர்களுக்கு ஒன்று. காம்ட்ரேட்டில் அளவு விடுபட்டிருந்தால் ஐ.நா.வே ஒரு நிலையான அலகு விலையால் வகுத்து நிரப்பிவிடுகிறது. மதிப்பீடு என்பதைக் காட்டும் நிரல் கோப்பிலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமல் மதிப்பை அளவால் வகுத்தால், அவர்கள் போட்ட விலையையே நீங்கள் 'கண்டுபிடிப்பீர்கள்'.

பழைய ஆண்டுகளும் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். இறக்கிய தேதி, எச்.எஸ். பதிப்பு, கூட்டாளிக் குறியீடு மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். தொடாத மூலக் கோப்பைத் தனி அடைவில் போடுங்கள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அன்றைக்குத் தரவை இறக்கிப் பார்த்து வேறொரு எண்ணைச் சொல்லும்போது, காட்டுவதற்குக் கையில் இருப்பது அந்தக் கோப்புதான்.